காணிக்கைத் தட்டில் ஒரு கறுப்பு வில்லை

2019ஆம் ஆண்டின் கோடையில் மூன்று மாதங்கள் அமெரிக்க நாட்டின் லாஸ் வேகாஸ் நகரில் பங்குப்பணி ஆற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. விடுப்பில் சென்ற அருள்தந்தை ஒருவருக்குப் பதிலாக, நம் ஆயரின் இசைவோடு சென்றிருந்தோம். முதல் ஞாயிறன்று திருப்பலி முடிந்து, பங்கு அலுவலகத்தில் காணிக்கையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். டாலர் தாள்களுக்கும் உறைகளுக்கும் நடுவே, நம் ஊர்க் கேரம் காயைப் போல, கறுப்பு நிறத்தில் கனத்த வட்ட வில்லை ஒன்று கிடந்தது. யாரோ ஒரு சிறுவனின் விளையாட்டுப் பொருள் தவறி விழுந்திருக்கிறது என்றெண்ணி அதை எடுத்து ஓரமாக வைத்தோம். எண்ணும் குழுவிலிருந்த பிலிப்பினோ அம்மையார் ஒருவர் சிரித்தவாறே அதை மீண்டும் எடுத்துப் பணத்தின் பக்கம் வைத்தார்.

"ஃபாதர், அது நூறு டாலர்" என்றார்.

சிவப்பு என்றால் 5, பச்சை என்றால் 25, கறுப்பு என்றால் 100 என்று பாடம் நடத்தினார். அந்நகரின் கோயில்களில் சூதாட்ட விடுதிகளின் வில்லைகள் காணிக்கையாக விழுவது புதிதன்று. எந்த விடுதியின் வில்லை எது என்று பிரித்து, அந்தந்த விடுதிக்கே கொண்டு சென்று பணமாக மாற்றிக்கொள்வார்கள். அம்மையார் இதையெல்லாம் அறிந்திருந்ததில் வியப்பில்லை. இருபது ஆண்டுகளாக அவர் அப்படிப்பட்ட ஒரு விடுதியில் சீட்டுப் போடும் பணியில் இருப்பவர்.

சூதைக் கண்டித்து எத்தனையோ மறையுரைகள் ஆற்றியவர் நாம். கைப்பேசியில் ரம்மி ஆடி நிலத்தை இழந்த மனிதரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் மனைவிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் எழுந்து வந்தவர். லாஸ் வேகாஸ் என்றவுடன் நம் உள்ளத்தில் எழுந்த சித்திரம் சோதோமை ஒத்திருந்தது. சென்று பார்த்தால், அங்குள்ள கோயிலை நிறைத்திருந்தவர்கள் சூதாடிகள் அல்லர். சூதாடிகளின் படுக்கையை விரிப்பவர்களும், அவர்களுக்குச் சமைப்பவர்களும், சீட்டுப் போடுபவர்களுமே. இரவுப் பணி முடிந்து சீருடையோடு காலைத் திருப்பலிக்கு வந்து, மறையுரையின்போது கண்ணயரும் அந்த எளிய மக்களைக் கண்டபோது, சோதோமைப் பற்றிய நம் குறிப்புகளை மடித்து வைத்துவிட்டோம். 1963இல் எழுப்பப்பட்ட காவல் தூதர் பேராலயம் அந்த விடுதிகளின் அருகிலேயே நிற்கிறது. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றில் அந்நகரின் விடுதிக் கட்டடங்களும் இடம்பெற்றிருப்பதைப் பார்த்தோம். முதலில் முகம் சுளித்தோம். பிறகு, கொத்தனாரும் மீனவரும் தம் தொழிற்கருவிகளைப் பலிபீடத்தில் வைக்கலாமென்றால் இவர்கள் எதை வைப்பார்கள் என்று தோன்றியது.

நிற்க. நாம் சொல்ல வந்தது அந்த அம்மையாரின் மகனைப் பற்றி.

வயது முப்பது இருக்கும். கல்லூரியில் கணிதம் பயின்றவர். கணினி நிறுவனம் ஒன்றில் வீட்டிலிருந்தே பணியாற்றுவதாகத் தாயார் பெருமையோடு கூறுவார். வியாழன்தோறும் மருத்துவமனையில் இருந்த நோயாளிகளுக்கு நற்கருணை வழங்க நாம் செல்லும்போது காரோட்டியாக வருபவர் அவரே. ஜூலை 18 அந்நாட்டில் புனித கமில்லுஸ் நினைவுநாள். நம் நாட்டில் அதை 14ஆம் நாள் நினைவுகூர்கிறோம். அன்று காலைத் திருப்பலியில், நேப்பிள்ஸ் நகரில் 1574இல் தம் உடைமை அனைத்தையும் சூதில் தோற்று, கூலியாளாகக் கப்புச்சின் துறவியரின் கட்டட வேலைக்குச் சென்ற அந்தப் படைவீரர், நோயாளிகளின் பாதுகாவலராக மாறிய வரலாற்றைக் கூறியிருந்தோம். மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் இளைஞர் கேட்டார்: "ஃபாதர், கமில்லுஸ் தோற்றதால் மனம் திரும்பினார். தோற்காமல் ஆடத் தெரிந்த ஒருவனுக்கு என்ன சொல்வீர்கள்?"

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். அவர் நம்மிடம் பேசியது ஒப்புரவு அருட்சாதனத்தில் அன்று. அதில் பேசியிருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. காரில் பேசியதே இது. அதையும், அவரும் அவர்தம் தாயாரும் எழுத்தில் இசைவு தந்த பின்னரே, பெயர் குறிக்காமல் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் கூறியதை நம் மொழியில் தருகிறோம்.

"நான் சூதாடி அல்லன், ஃபாதர். அந்த விடுதிகளில் வேலை செய்கிறேன். அவர்கள் எனக்குச் சம்பளம் தருவதில்லை என்பதோடு, நான் வேலை செய்கிறேன் என்று தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கணினி நிறுவனம் என்று அம்மாவிடம் சொன்னது பொய். ஏழு ஆண்டுகளாக எனக்கு இதுதான் பிழைப்பு."

பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தில் சீட்டுகளை எண்ணுபவர் அவர். இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்குச் சுருங்கச் சொல்கிறோம். 21 என்பதே இலக்கு. எண்ணுள்ள சீட்டுக்கு அதன் எண்ணே மதிப்பு. ராஜா, ராணி, ஜாக்கி ஆகியவற்றுக்குப் பத்து. ஆஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று. கையிலுள்ளவை 21ஐத் தாண்டாமல் அதனை நெருங்க வேண்டும். விடுதியின் சார்பில் சீட்டுப் போடுபவருக்குச் சொந்த விருப்பம் கிடையாது. 16 வரை சீட்டு எடுத்தே தீரவேண்டும். 17 வந்தால் நிறுத்த வேண்டும். ஆட்டக்காரர் முதலில் ஆடி முதலில் உடைந்துபோவதால் விடுதிக்கு ஆதாயம். நன்கு கற்று ஆடுபவரிடமும் அந்த ஆதாயம் நூற்றுக்கு அரை அளவு நிற்கும்.

பகடைக்கு நினைவில்லை. ஆறு விழுந்த பின்னும் அடுத்த முறை ஆறு விழும் வாய்ப்பு முன்போலவே இருக்கும். சீட்டுக்கட்டு அப்படியன்று. போன சீட்டு, கட்டைக் கலைக்கும்வரை திரும்பாது. இதை நமக்கு விளக்க அந்த இளைஞர் மிகவும் முயன்றார். தேவையே இருக்கவில்லை. தென்கோடியிலிருக்கும் நம் ஊரில், பங்குத் திருவிழாவின் கொடியிறக்கத்துக்கு மறுநாள், நம் தந்தையார் வேப்பமரத்தடியில் 'இருபத்தெட்டு' ஆடுவார். காசு வைப்பதில்லை. தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. இறங்கிய சீட்டுகள் அனைத்தும் தந்தையாரின் மனத்தில் இருக்கும். கடைசி இரண்டு சுற்றுகள் எஞ்சியிருக்கும்போது, எவர் கையில் துருப்பு இருக்கிறது என்று கூறிவிடுவார். அவர் காதில் குணுக்குத் தொங்கி நாம் கண்டதில்லை. அதை ஊரார் கெட்டிக்காரத்தனம் என்றார்களே தவிர, களவு என்று எவரும் கூறியதில்லை.

1956இல், அமெரிக்க இராணுவத்தில் பணிபுரிந்த நால்வர், மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டே இவ்வாட்டத்தைச் சரியாக ஆடும் முறையைக் கணக்கிட்டு ஆய்விதழில் வெளியிட்டனர். அதைப் படித்த எட்வர்டு தார்ப் என்னும் கணிதப் பேராசிரியர், கணினியின் துணையோடு மேலும் ஆராய்ந்து, சென்ற சீட்டுகளைக் கருத்தில் கொண்டால் ஆதாயம் ஆட்டக்காரர் பக்கம் திரும்பும் என்று காட்டினார். 1961இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் அதை எடுத்துரைத்தார். பின்னர், பிறர் கொடுத்த 10,000 டாலரை முதலாகக் கொண்டு நெவாடாவில் ஆடி 11,000 டாலர் ஈட்டினார். 1962இல் அவர் எழுதிய நூல் வெளிவந்ததும் விடுதிகள் கலங்கின. 1964 ஏப்ரலில் ஆட்டத்தின் விதிகளையே இறுக்கின. ஆட வருபவர் கூட்டம் குறைந்ததும், சில வாரங்களிலேயே பழைய விதிகளுக்குத் திரும்பின.

எண்ணும் முறை குழந்தைக்கும் புரியும். 2 முதல் 6 வரையிலான சிறு சீட்டு ஒன்று போனால் ஒன்றைக் கூட்டு. பத்தோ, படச்சீட்டோ, ஆஸோ போனால் ஒன்றைக் கழி. 7, 8, 9 போனால் விட்டுவிடு. ஒரு கட்டில் கூட்டுவன 20, கழிப்பன 20, விடுவன 12. ஆகவே கட்டு முடியும்போது கணக்கு சுழியில் வந்து நிற்கும். இடையில் கணக்கு ஏறியிருந்தால், பெரிய சீட்டுகள் உள்ளே தங்கியிருக்கின்றன என்று பொருள். பெரிய சீட்டுகள் இருந்தால் முதல் இரண்டிலேயே 21 அமையும் வாய்ப்பு மிகும். அதற்குப் பத்து டாலருக்குப் பதினைந்து என்ற வீதத்தில் பரிசு. எடுத்தே ஆகவேண்டிய கட்டாயத்திலிருக்கும் சீட்டுப் போடுபவரும் உடைந்துபோவார். எஞ்சியுள்ள கட்டுகளின் எண்ணிக்கையால் கணக்கை வகுத்து, அது ஏறும்போது பணயத்தை ஏற்றி, இறங்கும்போது குறைத்தால் போதும். இத்தனை உழைப்புக்கும் கிடைப்பது நூறு டாலர் பணயத்துக்குச் சராசரியாக ஒரு டாலர். நாள்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கிலும் தோற்றுக்கொண்டே இருக்க நேரிடும்.

மூளையால் எண்ணுவது அந்நாட்டில் குற்றமன்று. கருவி கொண்டு எண்ணுவதையே நெவாடா மாநிலம் 1985இல் குற்றமாக்கியது. எனினும் அம்மாநிலத்தில் விடுதி தனியார் இடம். வேண்டாதவரை வெளியே போகச் சொல்ல அதற்கு உரிமையுண்டு. திரும்பி வந்தால் அத்துமீறல் வழக்கு. ஆகவே எண்ணுவதைக் காட்டிலும், எண்ணுவது தெரியாமலிருப்பதே பெரிய கலை ஆகிவிட்டது.

"உங்களைக் காட்டிக்கொடுப்பது எது? கண்ணா, உதடா?" என்று கேட்டோம்.

"பணம்" என்றார். "கூரையிலிருக்கும் கேமரா என் தலைக்குள் பார்க்க முடியாது. ஆனால் அதன் பின்னால் இருப்பவரும் சீட்டை எண்ணத் தெரிந்தவர். கணக்கு ஏறும்போதெல்லாம் என் பணயம் 25இலிருந்து 300க்கு ஏறினால், என் மனத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும்." செல்வம் கிடக்கும் இடத்தையும் உள்ளம் கிடக்கும் இடத்தையும் நம் ஆண்டவர் ஒன்றாக வைத்துப் பேசியதை, அந்த விடுதிக் காவலர்கள் நம்மைவிட நன்றாகவே விளங்கிக்கொண்டிருக்கிறார்கள் எனலாம்.

ஆகவே வேடம் தேவைப்படுகிறது. வென்ற கையோடு பணயத்தை ஏற்றி, அதிர்ஷ்டத்தை நம்பும் அப்பாவிபோல் தோன்ற வேண்டும். சீட்டைக் கலைத்தவுடன் பணயத்தைச் சட்டென்று குறைக்கக் கூடாது. சிறு பணயம் உள்ளபோது வேண்டுமென்றே ஒரு தவறு செய்ய வேண்டும். மதுவை வரவழைத்து உதட்டில் நனைத்து வைத்துவிட வேண்டும். பக்கத்திலிருப்பவரோடு பந்தாட்டத்தைப் பற்றிப் பேசியவாறே உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மேசையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தங்கலாகாது. வேலை நேரம் மாறி வேறு மேற்பார்வையாளர் வரும்போது வேறு விடுதியில் இருக்க வேண்டும். இத்தனை வேடத்துக்கும் விலையுண்டு. வேண்டுமென்று செய்யும் ஒவ்வொரு தவறும் அந்த ஒரு டாலர் ஆதாயத்திலிருந்தே கழிகிறது.

தார்ப் அவர்களே தாடி வளர்த்துக்கொண்டு ஆடப் போனவர். 1970களின் தொடக்கத்தில் குழுவாக ஆடும் உத்தி பிறந்தது. சிறு பணயம் வைத்துப் பல மேசைகளில் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் சைகை காட்டுவார்கள். ஊதாரிச் செல்வரைப் போல ஒருவர் தள்ளாடி வந்து, சூடேறிய மேசையில் மட்டும் பெருந்தொகை வைப்பார். அவர் பணயம் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. கேமராவுக்கு ஒன்றும் புலப்படாது. அவ்வாறு ஆடிய கென் அஸ்டன் என்பவர், பங்குச் சந்தையின் உயர் பதவியை விட்டு வந்தவர். தடை செய்யப்பட்டபோது மாறுவேடம் தரித்தும் ஆடினார், வழக்கும் தொடுத்தார். அட்லாண்டிக் சிட்டி நகரின் விடுதிகள் எண்ணுபவரை எண்ணுகிறார் என்பதற்காக மட்டும் விலக்க இயலாதென்று நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. நெவாடாவுக்கு அத்தீர்ப்பு செல்லாது.

"கிறிஸ்தவர்களே கூட்டமாகச் செய்திருக்கிறார்கள், ஃபாதர்" என்று ஒருநாள் இளைஞர் நமக்குச் செய்தி கொண்டுவந்தார். உண்மையே. சியாட்டில் பகுதியைச் சேர்ந்த பிரிவினைச் சபை இளைஞர்கள், அவர்களிடையே போதகர்களும் இருந்தனர், எண்ணும் குழுவொன்றை நடத்திய வரலாறு 2011இல் ஆவணப்படமாகவே வெளிவந்தது. ஏழைகளைச் சுரண்டும் விடுதியிடமிருந்துதானே எடுக்கிறோம் என்பது அவர்களது வாதங்களில் ஒன்று. நம் இளைஞரும் அதையே கூறினார். கூறிவிட்டு, தாம் உண்மையில் கேட்க விரும்பியதைக் கேட்டார்.

"எண்ணுவது பாவமா என்று கேட்கவில்லை. குடிகாரனாக நடிக்கிறேனே, முட்டாளாக நடிக்கிறேனே, அது பொய்யா?"

குருமடத்தில் நான்காண்டுகள் அறநெறி இறையியல் பயின்றவரிடம் இப்படியொரு கேள்வி வந்தால் விடுவோமா? மகிழ்ந்தே போனோம். சூதாட்டம் தன்னிலே நீதிக்கு முரணானதன்று, தனக்கோ தன் குடும்பத்துக்கோ தேவையானதைப் பறிக்கும்போதும், ஆளை அடிமைப்படுத்தும்போதுமே ஏற்கத்தகாததாகிறது, ஏமாற்றி ஆடுவது கனமான தீமை என்னும் திருச்சபையின் மறைக்கல்வியை எடுத்துரைத்தோம். எல்லாப் பொய்யும் தவறே என்ற புனித அகுஸ்தினாரையும், போரில் பதுங்கியிருப்பது பொய்யாகாது, கருத்தை மறைப்பது வேறு, பொய்யுரைப்பது வேறு என்று பகுத்த புனித தோமா அக்குவினாரையும் துணைக்கழைத்தோம். காத்து நகரத்து அரசன் ஆக்கிசின் முன்பு தாவீது தாடியில் எச்சில் ஒழுக விட்டுப் பித்தரைப்போல் நடித்து உயிர் தப்பியதை நினைவூட்டினோம். மது குவளையை முன்னால் வைத்துக்கொள்வது மறைத்தல். வேறொருவர் பெயர் அட்டையை நீட்டுவது பொய் என்று முடிவு கூறினோம்.

இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. நண்பரின் அட்டையை இருமுறை பயன்படுத்தியிருப்பதாகப் பின்னர் கூறினார். அதற்கும் பின்னர் கூறியதே நம் உறக்கத்தைக் கெடுத்தது.

"தாவீது அரண்மனை வாசலைத் தாண்டியதும் எச்சிலைத் துடைத்துக்கொண்டார், ஃபாதர். எனக்குத் துடைக்கத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்தார். அடக்கத் திருப்பலிக்காகக் கோயிலுக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்தது, கூரையில் கேமரா எங்கே இருக்கிறது என்று பார்த்தது. பெட்டியைப் பார்க்கவில்லை. வென்றால் மகிழக் கூடாது, தோற்றால் வருந்தவும் கூடாது என்று முகத்தைப் பழக்கினேன். இப்போது அது என் சொல் கேட்பதில்லை. அம்மா வேலை செய்யும் விடுதிக்கு மட்டும் இதுவரை போனதில்லை."

நம் பகுப்புகளில் பிழையில்லை. இன்றும் அவற்றையே கூறுவோம். ஆனால் அந்த மனிதர் காயத்தைக் காட்டியபோது நாம் அதன் நீள அகலத்தை அளந்து சொன்னோம் என்பதை மறுப்பதற்கில்லை. "அம்மாவிடம் கூறிவிடுங்கள்" என்று மட்டும் இறுதியில் சொன்னோம். "முடியாது, ஃபாதர். இருபது ஆண்டுகளாக அவர் அந்த மேசைக்குப் பின்னால் நிற்பது என்னைப் படிக்க வைப்பதற்காக" என்றார். நாமும் யாரிடமும் கூறுவதில்லை என்று வாக்களித்தோம்.

அடுத்த ஞாயிறு காணிக்கை எண்ணி முடித்து, மற்றவர்கள் சென்ற பின்னும் அம்மையார் நின்றார். மீண்டும் ஒரு கறுப்பு வில்லை வந்திருந்தது. அதை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே, "என் மகன் உங்களிடம் ஏதேனும் சொன்னானா?" என்றார்.

"மிக நல்ல பிள்ளை. கணக்கைப் பற்றித்தான் நிறையப் பேசுவார்" என்றோம்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தமும் ஏய்ப்பு. மனத்துக்குள் ஒரு பகுதியை நிறுத்திக்கொண்டு மறுபகுதியைப் பேசும் தந்திரத்தைக் கடுமையான வடிவில் 1679இல் திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசென்ட் கண்டித்தார் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர் நாம். நாம் கூறியது கண்டிக்கப்பட்ட வகையில் சேராது என்றும், மறைபொருளைக் காக்கும் கடமை இருந்ததென்றும் வாதாடலாம். அன்றிரவு அப்படித்தான் வாதாடிக்கொண்டோம்.

அம்மையார் சிரித்தார். "ஃபாதர், நீங்கள் சீட்டு மேசைக்கு ஆகமாட்டீர்கள். முகம் சொல்லிவிடுகிறது."

பிறகு அமர்ந்துகொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார். பணயம் திடீரென்று உயர்ந்தால் சீட்டுப் போடுபவர் அதை உரக்க அறிவித்து மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். ஐயம் தோன்றினாலும் தெரிவிக்க வேண்டும். எண்ணும் பையன்களை அவருக்கு உடனே தெரியும். மற்றவர்கள் தங்கள் சீட்டைப் பார்ப்பார்கள். இவர்கள் எல்லார் சீட்டையும் பார்ப்பார்கள், பார்க்காததுபோல. பெரும்பாலும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார். ஏழாண்டுகளுக்கு முன் ஒருநாள் மட்டும், கால் வலியும் களைப்புமாக இருந்த வேளையில், ஒரு பையனைக் குறித்து மேற்பார்வையாளரிடம் கண்ணைக் காட்டினார். இருவர் வந்து பையனை அழைத்துச் சென்றார்கள். அவன் முகம் வெளிறியிருந்தது. பணி முடிந்து விடியுமுன் வீடு திரும்பினார். சமையலறை விளக்கு எரிந்தது. கல்லூரி முடித்து வந்திருந்த தம் மகன், மேசைமேல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு கட்டுச் சீட்டை முப்பது நொடிக்குள் புரட்டி எண்ணிப் பழகிக்கொண்டிருந்தார். தாய் வாசலில் நிற்பதை அவர் பார்க்கவில்லை. தாய் மீண்டும் வெளியே சென்று, காரில் அமர்ந்து, விளக்கு அணையும்வரை காத்திருந்தார்.

"அன்றிலிருந்து தெரியும்" என்றார். "கணினி நிறுவனம் என்று எல்லாரிடமும் சொல்வதும் தெரிந்தேதான்."

எந்தக் கேமராவுக்கும் அகப்படாமல் மகன் ஏழாண்டுகள் காத்துவந்த இரகசியத்தைத் தாய் முதல் வாரத்திலேயே கண்டுவிட்டார். தாம் கண்டதை மகனுக்குத் தெரியாமல் அதே ஏழாண்டுகள் அவரும் காத்துவந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் உணவருந்தும் இருவர்!

எழும்போது இன்னொன்றும் சொன்னார்: "அந்தப் பையன்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் எங்களுக்கு அன்பளிப்புக் காசு வைக்கமாட்டார்கள். வைத்தால் அவர்கள் கணக்கு கெடும். விடுதிக்கு என்ன குறைந்தது? எங்கள் சம்பளம் சிறிது. அந்தக் காசில்தான் வீட்டு வாடகை." ஏழைகளைச் சுரண்டும் விடுதியிடமிருந்துதானே எடுக்கிறோம் என்ற வாதத்துக்கு நாம் தேடிய மறுமொழி அக்குவினாரின் நூலில் கிடைக்கவில்லை, இங்கே கிடைத்தது. ஆனால் அதை மகனிடம் எடுத்துச் சொல்லவும் நமக்கு வழியில்லை. இருவர் இரகசியமும் இப்போது நம்மிடம். வியாழக்கிழமை காரில் ஏறும்போது நம் முகத்தை நாமே பழக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நாம் புறப்படுவதற்குப் பத்து நாள்களுக்கு முன் ஓர் இரவு, குருக்கள் இல்லத்தின் மணி ஒலித்தது. இளைஞர் நின்றார். அன்று மாலை ஒரு விடுதியில் தோளைத் தொட்டார்கள். இனி அங்கே கால் வைத்தால் அத்துமீறல் என்று வாசித்துக் காட்டினார்கள். படமும் எடுத்துக்கொண்டார்கள். அப்படங்கள் விடுதிக்கு விடுதி செல்லக்கூடும். "அம்மா இருக்கும் விடுதிக்கும் போகலாம். வேறு யாரோ காட்டி அவர் பார்க்கும் முன் நானே சொல்லவேண்டும். கூட வருவீர்களா?" என்றார். தாயாருக்கு முன்பே தெரியும் என்று நா நுனிவரை வந்தது. வாய் திறக்கவில்லை. அதைக் கூறும் உரிமை நமக்கில்லை என்று அன்று எண்ணினோம். இன்றும் அவ்வாறே எண்ணுகிறோம், முழு உறுதியோடு அல்ல.

மறுநாள் அம்மையாருக்கு விடுமுறை. பான்சித் என்னும் அவர்கள் நாட்டுச் சேமியா உணவைச் செய்து வைத்திருந்தார். உண்ட பின் மகன் கூறினார். கைகள் மேசைமேல் இருந்தன, தலை குனிந்திருந்தது. அரைமணி நேரம் பேசியிருப்பார். நண்பரின் அட்டையைக் காட்டியதையும் விடவில்லை. தாயார் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் எழுந்து உள்ளே சென்று, பழைய சீட்டுக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். விடுதியில் ஆடிக் கழித்தவை. மீண்டும் ஆட்டத்துக்கு வராதபடி நடுவில் துளையிடப்பட்டவை. தட்டுகளை ஒதுக்கி, நம் முன்னும் மகன் முன்னுமாகச் சீட்டுகளைப் போட்டார். அவ்வளவு வேகமாக இயங்கும் விரல்களை நாம் கண்டதில்லை. பாதிக் கட்டில் நிறுத்தினார்.

"எவ்வளவு?" என்றார்.

மகன் தாயை நிமிர்ந்து பார்த்தார். முகம் சொல் கேட்பதில்லை என்று அவர் கூறியது அந்நேரம் உண்மையாக இல்லை.

"கூட்டல் மூன்று."

"நான்கு. ஓர் ஐந்தை விட்டுவிட்டாய்."

"உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா" என்றார்.

அம்மையார் சீட்டுகளை வாரி எடுத்து, மீண்டும் கலைக்கத் தொடங்கினார்.